கத்தாரிலிருந்து வந்த டென்ட்

ஜனவரி 9, வியாழன், அரிமளம்

லீவில் வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. மகன் சந்தோஷ் இன்னும் என் பக்கம் வரவில்லை. மூன்றரை வயது. அவன் பிறந்தபோது நான் கத்தாரில் இருந்தேன். அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் வந்து பார்த்ததோடு சரி. நான் கூடத்தில் உட்கார்ந்தால் அவன் அடுப்படிக்குப் போய்விடுகிறான். சாக்லேட்டை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிறான். விவரமான பயல்.

கூத்து என்னவென்றால், சாயங்காலம் ஏழரை ஆனதும் அவன் அம்மா சுகுணாவின் சேலையைப் பிடித்து இழுக்கிறான். "அப்பாக்குப் போன் போடு." கத்தாரிலிருந்து தினமும் நான் வீடியோவில் வரும் நேரம் அது.

"இந்தா ஒக்காந்திருக்காங்கள்ல, இவங்கதான்டா ஒங்கப்பா" என்று சுகுணா என்னைக் காட்டினாள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது இல்ல. போன் அப்பா" என்றான்.

வேறு என்ன செய்வது? கொல்லைப்பக்கம் போய் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். பத்து நிமிடம் கொஞ்சோ கொஞ்சென்று கொஞ்சினான். நடுவில் எங்கள் வீட்டுப் பசு கத்தியது. கத்தாரில் ஏது எங்கள் பசு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

டென்டைப் பிரித்துக் காட்டினேன். நான்கு பேர் படுக்கலாம். கத்தாரில் நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் அரபிக் குடும்பங்கள் பாலைவனத்தில் டென்ட் போட்டுத் தங்கும். நான் தண்ணீர் கொண்டுபோவேன். பிள்ளைகள் தகப்பன் முதுகில் ஏறிக் குதிக்கும். பார்த்தால் வயிறு எரியும். அதனால்தான் வாங்கி வந்தேன்.

பொங்கல் லீவில் மூன்று ராத்திரி. திருமயம், அறந்தாங்கி, மீமிசல் கடற்கரை. வீட்டில் அவன் ஓடி ஒளிய பத்து இடம் இருக்கிறது. டென்டுக்குள் எங்கே ஓடுவான்? என் திட்டமே அவ்வளவுதான்.

"வழி நெடுக சொந்தக்காரங்கள வச்சுக்கிட்டு வெட்டவெளியில படுக்கப் போறீங்களா? நல்லாத்தான் இருக்கு" என்றாள் சுகுணா. பெரியவள் அன்புமொழி மட்டும் பையைக் கட்டிவிட்டாள். எட்டு வயது, எதற்கும் தயார்.

ஜனவரி 16, வியாழன், திருமயம்

சிநேகிதன் கண்ணனின் ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். கோட்டையைப் பார்த்துவிட்டுக் கண்மாய்க் கரையில் டென்டை விரித்து, ஒரு படம் எடுத்து, "இன்று இரவு இங்கேதான்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்.

புத்தி கெட்டவன் நான். நாலாவது கம்பியைச் சொருகுவதற்குள் சுகுணாவின் பெரியம்மா மகன் பிச்சை மச்சான் டிவிஎஸ்-50ல் வந்து இறங்கினார். "என்ன மாப்ள, நான் இருக்கேனா செத்தேனா? தங்கச்சிய இப்படித் தெருவுல படுக்க வச்சா ஊர்ல என்னயத்தான காறித் துப்புவாங்க?"

பேசிக்கொண்டே கம்பிகளை உருவிவிட்டார். இப்போது அவர் வீட்டில், ஃபேனுக்குக் கீழே இதை எழுதுகிறேன். சந்தோஷ் அவர் பிள்ளைகளோடு ஓடிப்போனவன்தான், என் கண்ணிலேயே படவில்லை. கோழிக்குழம்பு பிரமாதம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனவரி 17, வெள்ளி, அறந்தாங்கி

நாங்கள் சாப்பிடுவதை மச்சான் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் எழுதிவிட்டார். அறந்தாங்கி முக்கத்தில் என் அத்தை அமிர்தவல்லி குடையோடு நின்றது. "எங்க வீட்டுப் பாயி முள்ளா குத்துது?" இன்றைக்கும் டென்ட் வேனுக்குள்ளேயே தூங்குகிறது.

அத்தை வீட்டிலும் ஏழரைக்கு மொட்டைமாடியில் ஏறி நின்று கத்தாரில் இருப்பதுபோல் பேசினேன். பேசி முடித்துக் கீழே வந்தால் என்னைக் கண்டதும் சுகுணாவின் பின்னால் ஒளிகிறான். என் பிள்ளையிடம் எனக்கு நானே போட்டியா? லீவும் கரைந்துகொண்டே போகிறது. இந்தப் பயணத்திலும் ஒட்டவில்லை என்றால் அடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான். அப்போது அவனுக்கு ஐந்தரை. அழுகையாக வருகிறது. ச்சே.

ஜனவரி 18, சனி, மீமிசல்

காலையில் அத்தை, "மீமிசல்ல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, சொல்லிவிடுறேன்" என்றதுமே சுகுணா வேனில் ஏறி இரண்டு போனையும் அணைத்துவிட்டாள். "இன்னைக்கு எவன் வந்தாலும் நான் எறங்க மாட்டேன். நீங்க டென்டப் போடுங்க." இவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது, பார்.

கடற்கரையில் பெலிக்ஸ் என்று ஒரு மீனவர். "அண்ணே, இங்கிட்டுப் போடாதீங்க, தண்ணி ஏறும். அங்கிட்டுப் பனமரத்துப் பக்கம் போடுங்க" என்றார். உதவிக்குப் பிடித்துக் கட்டிவிட்டு, "புள்ளைகளோட இங்க எதுக்குண்ணே, வீட்டுக்கு வாங்க" என்று அவரும் ஆரம்பித்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். சிரித்துக்கொண்டே போய் ஒரு தூக்கு நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார்.

ஏழரைக்குச் சந்தோஷ் ஆரம்பித்தான். போன் அப்பா வேண்டுமாம். போனை ஆன் செய்தால் அந்த மீமிசல் சொந்தக்காரர் வந்து நிற்பார். சுகுணா இல்லையென்க, அவன் உருண்டு புரண்டு அழ, நான் வெளியே காற்றில் தளர்ந்த கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிக் கத்துகிறான் என்று டென்டின் சின்னச் சதுர வலை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே தொங்கிய டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

அழுகை நின்றது.

"அப்பா" என்றான். தினமும் கேட்பதைக் கேட்டான். "சாப்டியா?"

முகத்தை ஜன்னலிலிருந்து எடுக்காமல் சொன்னேன். "இல்லடா. நீ சாப்டியா?"

"நண்டு. அங்க வெயிலா?"

"இல்ல, இருட்டு. காத்தடிக்குது."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப உள்ள வா."

சுற்றிப் போய் வாசலுக்கு வர நாலு எட்டுதான். ஜிப்பைப் பாதி திறந்து நிறுத்தினேன். உள்ளே போனதும் மறுபடி ஒளிந்துகொண்டால்? அந்தப் பயம்தான். போய் உட்கார்ந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எழுந்து போய் ஜன்னலில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டான். திரும்பி வந்து என் மூக்கைப் பிடித்து அமுக்கினான். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்தான்.

சுகுணா வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "தம்பி ஒரு லூசுப்பா" என்றாள் அன்புமொழி.

ஜனவரி 19, ஞாயிறு

விடிகாலையில் யாரோ என் காதைப் பிடித்து இழுத்தார்கள். "அப்பா, ஒண்ணுக்கு வருது." அவன் அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். என்னைத்தான் எழுப்பினான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

திருச்சி ஏர்போர்ட். கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி, தோஹா

ஏழரைக்குக் கூப்பிட்டேன். இன்றும் அன்புமொழிதான் எடுத்தாள். "தம்பி வர மாட்டேங்கிறான்ப்பா."

சுகுணா போனை அவன் பக்கம் திருப்பினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. "மூணு நாளா இப்படித்தாங்க. போனக் குடுத்தா தட்டிவிடுறான். ஒங்க மேல அம்புட்டுக் கோவம். ஏன் போனாங்கன்னு கேட்டே என்னயக் கொல்றான்."

விடு, கட்டாயப்படுத்தாதே என்றேன். போனை அப்படியே வைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். ஆனால் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்றரை வருடத்தில் இப்போதுதான் நான் வீட்டில் இல்லாதது அவனுக்குத் தெரிகிறது.