சீசன் முடியும்வரை

மார்ச் 3, செவ்வாய்

மின்கட்டண கவுண்டரை மூடிவிட்டு பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். மலைச் சாலையில், ஐந்தாவது வளைவுக்கு மேலே, பாறை இடுக்கில் மஞ்சள் பூத்துவிட்டது. போன வருடத்தைவிட எட்டு நாள் முன்னதாக. பக்கத்து சீட்டில் தூங்கிய அம்மாளை எழுப்பிக் காட்டினேன். "புல்லுதானே அது?" என்றார். சண்டை போடவில்லை.

வேறு யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொல்லலாமென்றால், இவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. "கொஞ்ச நாள் தனியா இருந்துட்டு வரேன். பூ சீசன் முடியட்டும், உக்காந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன பேச? கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்துவிடுவார் என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இவர் போன் செய்தார்.

"மஞ்சள் வந்துடுச்சு" என்றேன்.

"அப்படியா! எத்தனாவது வளைவு?"

குரலில் பழைய ஆசை இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா?

"ஞாயிற்றுக்கிழமை வாங்களேன்."

"அன்னைக்கு அண்ணன் வீட்ல பெயின்ட் அடிக்கறாங்க."

மார்ச் 8, ஞாயிறு

தனியாகவே போனேன். பத்தொன்பது வருடமாக இது இரண்டு ஆள் வேலை. நான் சரிவில் குப்புறப் படுத்துக் கேமராவுக்குள் கண்ணை விட்டுவிடுவேன். இவர் ஒரு கையில் குடை பிடித்து, மறு கையால் காற்றில் ஆடும் காம்பை நிறுத்துவார். கட்டைவிரல் பட்டால் காம்பு நசுங்கிவிடும். அதனால் ஆட்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில், பீடி பிடிப்பதுபோல. நான் சொல்லிக்கொடுத்தது. "புகைதான் வரல" என்பார், ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

இன்று நாற்பது படம். நாற்பதிலும் பூ ஆடியிருக்கிறது. சறுக்கி முழங்கால் வேறு சிராய்ந்துவிட்டது. லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"விழுந்துட்டீங்களாம்மா?"

"இல்லங்க, பூவைப் படம் எடுக்கறேன்."

"கூட ஆள் யாரும் இல்லையா உங்களுக்கு?"

திட்டுவதற்காகத்தான் கேட்டார். கேமரா மூடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மார்ச் 11, புதன்

பூப்பட வாட்ஸப் குழுவில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். மருந்துக்கடை வைத்திருக்கிறாளாம். "ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. இது என்ன பூ? அக்காதான் சொல்லணும்" என்று ஒரு படம் போட்டிருந்தாள். குழுவில் அக்கா என்றால் நான்தான்.

ஊதா மணி. பாலத்துச் சரிவில் மட்டும் பூப்பது. ஓர் இதழ்கூட ஆடவில்லை. படத்தின் அடி ஓரத்தில் இரண்டு விரல்கள். ஆட்காட்டி விரல், நடு விரல். நடு விரல் நகத்தில், கார் கதவில் நசுங்கிய கறுப்புக் கோடு. அந்த நகத்துக்கு மருந்து போட்டவளே நான்.

பெயின்ட்டாம், பெயின்ட்!

படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதைத்தான் தாங்க முடியல.

மார்ச் 12, வியாழன்

பதில் எழுதவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று குழுவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

மகளுக்கு போன் செய்தேன். அழாமல் சொல்ல நினைத்து அழுதுகொண்டே சொன்னேன். "சேச்சே, அப்பாவா? இருக்காதும்மா" என்பாள் என்று காத்திருந்தேன்.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

போன மழைக்காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். "அம்மாவுக்கு வருஷத்துல சந்தோஷமே இந்த ரெண்டு மாசம்தான், சீசன் முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்னு அப்பா சொன்னாரும்மா. நான் என்ன பண்ணுவேன்?" அவளும் அழுதாள். பாவம், அவளை என்ன சொல்ல.

என் பூவெல்லாம் உதிரட்டும் என்று இவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி மொட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

பூவின் பெயரைக் குழுவில் எழுதினேன். கேட்டதற்குச் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை. "அடுத்த தடவை கை தெரியாமல் எடுங்கள்" என்று கீழே சேர்த்தேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்துமா கேட்டாள்?

"நன்றி அக்கா" என்று கும்பிடு போட்டிருக்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் நானே இவரைக் கூப்பிட்டேன்.

"சீசன் முடிஞ்சுடுச்சு. வந்து பேசிடுங்க."

"என்ன சொல்றே? இப்பதானே மஞ்சளே வந்திருக்கு. நீலம் வர இன்னும் மூணு வாரம் கெடக்கே."

"முடிஞ்சுடுச்சுன்னு சொல்றேன்ல."

எப்படித் தெரிந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"எப்ப வரட்டும்?" என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அவர் சாமான்களை எடுத்துப்போய் இரண்டு வாரம் ஆகிறது. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

காலை பஸ்ஸில் ஏறியதும், "உங்க சீட்டு காலியாத்தாம்மா இருக்கு, மலைப்பக்கம்" என்றார் கண்டக்டர். "இன்னைக்கு இது இருக்கட்டுங்க" என்று பள்ளத்துப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் வானமும் மரத்தின் உச்சியும்தான் தெரிந்தன. நிம்மதியாகக்கூட இருந்தது.

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியதும் மலை என் பக்கம் வந்துவிட்டது. இத்தனை வருடம் போய் வந்தும் இதை யோசிக்கவில்லை பார். சரிவு முழுக்க நீலம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவு வரைக்கும் அழுதுகொண்டே பார்த்தேன்.