அம்மா விரதம் முடித்த மணி

சஷ்டி, செவ்வாய் இரவு. கொல்லங்கோடு.

அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்காக அம்மா விரதம் இருந்தாள். கோயிலில் மாலைப் பூஜை மணி கேட்ட பிறகே சாப்பிடுவாள்.

நான் மாடியில் ஓர் ஒலியலையால் இன்னொன்றை அசைத்து ஓசை உண்டாக்கும் எஃப்எம் சிந்தசைசரில் மணியோசை ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு அலைகளின் விகிதத்தை முழு எண்ணிலிருந்து சற்றே விலக்கினேன். அசல் வெண்கல மணிபோலவே அதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்பீக்கரில் சத்தமாக ஒலிக்கவிட்டேன்.

கீழே வந்தபோது அம்மா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கோயில் மணி அடித்தது.

"ஏங்கண்ணு, மறுக்காவும் அடிக்கிறாரு? பூசாரிக்கு மறதியாட்ட இருக்குது" என்று சிரித்தாள்.

நான் மாடிக்குப் போய் ஸ்பீக்கரை அணைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. அம்மா தூங்கிவிட்டாள். விரதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவள் சாப்பிட்டதிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.