பச்சை வண்டி செல்ஃப் எடுக்காத வாரம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூட மேடைத் திரைக்குக் கீழ் மடிப்பு முடிந்தது. மெரூன் வெல்வெட். இவ்வளவு கனமான துணி என் மெஷினுக்குள் இதுவரை போனதில்லை; ஊசியும் உடைந்தது, என் இடுப்பும் உடைந்தது. திங்கட்கிழமை காலையில் மேடையில் தொங்கியாக வேண்டும். பின் சீட்டை மடக்கினால் இரண்டு பெரிய சுருளும் நம் வண்டியில் அளவெடுத்த மாதிரி படுத்துக்கொள்ளும்.

அந்த வண்டிதான் இன்று மறுபடியும் மக்கர். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஹாரன் அடித்தால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. போன வாரம் எப்போதாவது செய்தது, இப்போது தினமும் செய்கிறது. இவர் பின்னாலிருந்து தள்ள, நான் கியரைப் போட்டு ஓட்டிக் கிளப்பினேன். இவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மார்ச் 5, புதன்

அண்ணன் வந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? “கிழட்டு வண்டிக்கு மேக்கப் போட்டா வயசு குறைஞ்சிடுமா மாப்ள?” என்றான்.

இவர் முகம் தொங்கிப்போனது. கதவும் ஜன்னலும் பெயிண்ட் அடிப்பது இவர் தொழில். வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு, இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த வண்டிக்குப் பச்சை அடித்தார். வெளியே மட்டுமா? பானட்டைத் திறந்து உள்ளே இருக்கும் கிளிப்பையும் போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். எனக்காக அடித்தது. “ஊசி முனை அளவு விட்டுப்போயிருந்தாலும் சொல்லுங்க” என்று அக்கம்பக்கத்தில் சவால் வேறு.

கடைசியில் இவரே சொல்லிவிட்டார்: “சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா இரும்புக்கடைக்கே குடுத்துடலாம்.” ஞாயிறு காலை லாரியோடு வருகிறேன் என்று அண்ணன் கிளம்பிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

வண்டி போனால் நான் என்ன செய்வேன்? திரைக்கம்பியையும் துணிச்சுருளையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வண்டி வந்த பிறகுதானே திரைச்சீலைக் கடைக்காரிக்குத் தைத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு நானே வீடு வீடாகப் போய் அளவெடுத்து ஆர்டர் பிடித்தேன். திரும்பவும் அவளிடம் போய் நிற்பதா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எதிர்வீட்டு வண்டியின் பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தோம். அதே டக். ஆக, பேட்டரி குற்றவாளி இல்லை.

சாயங்காலம் மெக்கானிக் தம்பி வந்தான். சுத்தியல் பிடியால் செல்ஃப் மோட்டாரை இரண்டு தட்டு தட்டி, “இப்ப திருப்புங்கக்கா” என்றான். கிளம்பிவிட்டது! தலைகால் புரியாமல் நான் சிரிக்க, அவன் தலையை ஆட்டினான்.

“மோட்டார் போச்சுக்கா. இந்த மாடலுக்குச் சொல்லி வெச்சுத்தான் வரவழைக்கணும். ரெண்டு வாரம் ஆகும்.”

இரண்டு வாரம்! திரை திங்கட்கிழமை, லாரி ஞாயிற்றுக்கிழமை. “கழட்டு, சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் போச்சுன்னு சொல்லு” என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். நல்ல பையன், வாய்தான் நீளம்.

மார்ச் 7, வெள்ளி

மோட்டாரைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை மேஜை இடுக்கியில் இறுக்கி கரண்ட் கொடுத்தார். உறுமிச் சுற்றியது. “இதுல ஒரு குறையும் இல்லம்மா. வேற எங்கயோ கோளாறு” என்று கையில் கொடுத்துவிட்டார். திரும்ப மாட்டினோம். டக்.

பேட்டரி நல்லது. மோட்டார் நல்லது. அப்புறம் எவன்தான் திருடன்?

மார்ச் 8, சனி

திருடனைப் பிடித்துவிட்டேன். முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் இவர் வேலைக்குப் போனதும் பாத்திரம் கழுவும்போது யோசனை ஓடியது. என் தையல் மெஷின் ஒருமுறை இப்படித்தான் முரண்டு பிடித்தது. போகிற வயர் நன்றாக இருந்தது; திரும்பி வருகிற வயர் உள்ளே அறுந்திருந்தது. கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். வண்டியில் எல்லோரும் போகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்புகிற பாதை? எஞ்சின் ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே செப்புக் கம்பியில் பின்னிய ஒரு பட்டை மட்டும்தான், எர்த்துக்காக. விளக்கும் ஹாரனும் பாடியிலிருந்தே எர்த் எடுத்துக்கொள்கின்றன, அவற்றுக்கு அந்தப் பட்டை வேண்டாம். செல்ஃபுக்கு வேண்டும். அடியம்மா!

மெஷினுக்கு வைத்திருந்த மீட்டரை எடுத்தேன். ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொரு முனை எஞ்சின் இரும்பில். போன் போட்டதும் ஓடி வந்த மெக்கானிக் தம்பி சாவியைத் திருப்பினான். ஒழுங்கான வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். ஆறு வோல்ட்டுக்கு எகிறியது. உடனே ஒரு தடித்த வயரை பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினில் கவ்வ வைத்து, “இப்ப திருப்பு!” என்று கத்தினேன்.

ஒரே திருப்பு. வண்டி சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது.

நான் அழுதேன், எழுதினால் என்ன. தம்பி வாயைப் பிளந்து நின்றான். “எப்படிக்கா?” “தைக்கறவகிட்ட நூல் அறுந்த இடத்தை மறைக்க முடியுமா?” என்றேன். திமிர்தான். இருக்கட்டும், இன்றைக்கு எனக்கு உரிமை உண்டு.

பிறகு பட்டையின் பாடிப் பக்கத்து போல்ட்டைக் கழற்றினோம்.  பட்டைக்கு அடியில், இரும்போடு இரும்பு தொட வேண்டிய இடத்தில், அழுத்தமான அழகான பச்சை. மூன்று கோட். வேறு யாராவது அடித்திருந்தால் போல்ட்டைச் சுற்றி மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போயிருப்பான், வண்டியும் ஓடியிருக்கும். இவர் நல்ல வேலைக்காரர் என்பதால் கழற்றி, அடித்து, காயவைத்து, மாட்டியிருக்கிறார். இதுவரை போல்ட்டின் மரை வழியாகத்தான் ஏதோ கொஞ்சம் கரண்ட் கசிந்திருக்கிறது. துருப் பிடித்ததும் அதுவும் நின்றுவிட்டது. அன்று தட்டியபோது பட்டை கொஞ்சம் அசைந்து தொட்டிருக்கும்.

“வேற எடத்துல ஒரு வயர் இழுத்து விட்டுடலாம்க்கா. பெயிண்ட் அடிச்ச அண்ணனுக்குத் தெரியவே வேணாம்” என்றான் தம்பி.

முதலில் சரி என்றுதான் தோன்றியது. அந்த மனுஷன் முகம் இன்னொரு முறை தொங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒளிந்து ஓடும் வயரோடு தினமும் நான் வண்டி ஓட்டுவதா? பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க? வேண்டாம் என்று பட்டையை அப்படியே விட்டுவிட்டுத் தம்பியை அனுப்பிவிட்டேன். எப்படிச் சொல்வது?

மார்ச் 9, ஞாயிறு

காப்பிகூடக் குடிக்கவிடாமல் இவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மீட்டரைக் காட்டினேன், வயரைக் கவ்வ வைத்துக் கிளப்பிக் காட்டினேன், கடைசியாகப் பட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

குனிந்து, அடியிலிருந்த பச்சையை விரலால் தடவிப் பார்த்தார். “இந்த எடத்துல அடிக்கவே கூடாதா?”

“கூடாதுங்க.”

“நான்தான் கெடுத்தேனா?”

“நீங்க ரொம்ப நல்லா செஞ்சீங்க. அதான் வினையாச்சு.”

 எழுந்து உள்ளே போய்விட்டார். போச்சு, இனி ஒரு வாரம் பேச்சு இருக்காது என்று நினைத்தேன். உப்புத்தாளும் சுரண்டியும் ஒட்டுநாடாவுமாகத் திரும்பி வந்தார். சுற்றி இருக்கும் பச்சையில் கீறல் விழாமல் நாடா ஒட்டி, அந்த வட்டத்தை மட்டும் சுரண்டித் தேய்த்தார். இரும்பு பளபளவென்று வந்தது. பட்டையை அவரே இறுக்கினார். “நீ திருப்பு” என்றார்.

கிளம்பியது. அணைத்தேன். கிளம்பியது. அணைத்தேன். “போதும்டி, தேஞ்சுடப் போகுது” என்று சிரித்துவிட்டார்.

அதற்குள் அண்ணன் லாரியோடு வந்துவிட்டான். வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டு, “யாரு சரி பண்ணா?” என்றான். நான் வாயைத் திறக்கும் முன் இவர் முந்திக்கொண்டார். “தப்பு என் பெயிண்ட்ல மச்சான். ரெண்டு பேர் பாத்தும் தெரியாதத, தனியா யோசிச்சு உங்க தங்கச்சி கண்டுபிடிச்சா.” தப்பு தன்னுடையது என்று என் அண்ணனிடம், ஒரு லாரிக்காரர் முன்னால், இவ்வளவு நிமிர்ந்து சொல்ல எத்தனை பேருக்கு வரும்? கோளாறைக் கண்டுபிடித்ததைவிட அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்ப ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லையா?” அண்ணன் வீட்டுப் பழைய பீரோ இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 10, திங்கள்

திரை ஏறியது. கயிற்றை இழுத்ததும் இரண்டு பக்கமும் சுருக்கமில்லாமல் விலகியது. தலைமையாசிரியர் காலி மேடைக்குக் கை தட்டினார்.

மார்ச் 27, வியாழன்

வேலைக்கு நடுவில் இவரிடமிருந்து போன். ஒருவர் நம் வண்டியைப் பார்த்து மயங்கி, தன் பழைய வண்டியையும் அதே மாதிரி அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஷெட்டில் எல்லாம் கழற்றி வைத்தாயிற்றாம்.

“கொஞ்சம் வந்துட்டுப் போறியா?”

“எனக்கு ஜன்னல் அளவு எடுக்கணும். என்ன விஷயம்?”

“எங்கெங்க அடிக்கக் கூடாதுன்னு நீ வந்து சொல்லணும். அதுவரைக்கும் பிரஷ்ஷத் தொடமாட்டேன்னு வண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டேன்.”

போனேன். வண்டிக்காரர் எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. துணியில் கோடு போடும் சாக்கட்டியைப் பையிலிருந்து எடுத்து, எர்த் தொடும் இடங்களில் எல்லாம் வட்டம் போட்டேன். இவர் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்.