மாத்திரையை நிறுத்திய தாய்

ஐப்பசி, வியாழன் இரவு.

இன்று மூங்கில்துறைப்பட்டில் ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோரிடம் பேசி முடித்ததும் செல்வி என்ற தாய் மகளோடு வந்தாள்.

"யூடியூப்ல நீங்க சொன்ன மூச்சுப் பயிற்சிதான் செஞ்சிகினு இருக்கோம்மா. வலிப்பு மாத்திரைய நிறுத்திட்டேன்."

"நான் நிறுத்தச் சொல்லலியேம்மா!"

"சித்தருங்க சொன்னதுன்னீங்களே. அப்புறம் மாத்திரை இன்னாத்துக்கு?"

அங்கேயே பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. என் காரிலேயே கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள்.

நான் பேசிய அந்த யூடியூப் நிகழ்ச்சியை உடனே எடுத்துவிடச் சொன்னேன். "நல்லா ஓடுதே, காலையில பார்க்கலாம்" என்றார் சேனல் ஆசிரியர்.

இப்போது பார்த்தால், அந்த வீடியோவின் கீழே யாரோ ஒரு தாய் எழுதியிருக்கிறாள்: "நாங்களும் மாத்திரையை நிறுத்திட்டோம். நன்றி மேடம்."

எந்த ஊர் என்று தெரியவில்லை. நிறுத்தாதீர்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை.