அந்தச் சீனக் கோயிலில் நீ கேட்டது

உன் கணவர் இன்று உன் காரை ஸ்டார்ட் செய்து பார்க்க இறங்கினார், நானும் கூடப் போனேன். டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தால், அந்தச் சீனக் கோயிலில் நீ வாங்கிய ஊதுபத்திக் கட்டு. அல் குசைஸ் பாலைவன வெயிலில் இத்தனை மாதம் வெந்தும் வாசனை போகவில்லை. அவர் காரை விற்கவில்லை. "லைசன்ஸ் எடுங்கோ, கார்த் திறப்புத் தாறன்" என்கிறார்.

டைல்ஸ் பார்க்கக் கம்பெனி நம் இருவரையும் சீனாவுக்கு அனுப்பியபோது, ஓய்வு நாளில் பஸ் பிடித்து அந்தப் பழைய கோயிலுக்குப் போனோம். கூரை நிறையப் பீங்கான் பொம்மைகள். "எத்தினை நூறு வருசமோ, ஒரு கீறல் இல்லை. எங்கட டைல்ஸ் கொண்டெய்னருக்குள்ளையே உடையுது" என்று சிரித்தாய். உன் ஸ்கேன் முடிவு வரவிருந்த வாரம் அது. நான் சிரிக்கவில்லை.

உள்ளே குச்சிகள் நிறைந்த மூங்கில் குவளையைக் குலுக்கிக் குறி கேட்டார்கள். நீயும் முழந்தாளிட்டுக் குலுக்கினாய். ஒரு குச்சி விழுந்தது. அது சரியான பதிலா என்று அறிய இரண்டு பிறை வடிவக் கட்டைகளைப் போட்டாய்; ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் ஆம். கோயில்காரப் பெண் இல்லை என்று கையசைத்தாள். ஊர்க் கோயிலில் பூ வைத்துக் கேட்டால் ஒரு தடவைதான், வந்தது வந்ததுதான்.

"காணும், எழும்பு. சாமியோடை மல்லுக்கட்டாதை" என்றேன்.

"இவையின்ர சாமி திரும்பக் கேக்க விடுமாம்" என்று குச்சியைக் குவளைக்குள் போட்டாய். மறுபடியும் இல்லை. மறுபடியும் குலுக்கினாய். நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். கடைசியில் ஆம் என்று விழுந்தபோது அந்தப் பெண்ணே கைதட்டினாள்.

பஸ்ஸில் கேட்டேன்: "வருத்தம் மாறுமெண்டோ சொன்னது?"

"அதை டொக்டர் சொல்லுவார். நான் கேட்டது உனக்கு லைசன்ஸ் கிடைக்குமோ எண்டு. நான் இல்லாட்டி உன்னை ஆரடி வேலைக்கு ஏத்திக்கொண்டு போறது?"

உனக்காக நீ கேட்காததில் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டொக்டர் சொன்னது நல்லதாக இல்லை. அடுத்த நோன்பு மாதத்துக்குள் நீ போய்விட்டாய்.

இப்போது நம் ஒஃபிஸ் தொலைவிலுள்ள ராஸ் அல் கைமாவுக்கு மாறுகிறது. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு அங்கே வேலையில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நேற்று டிரைவிங் டெஸ்டில் மறுபடியும் தோற்றேன். ரவுண்டபவுட்டில் தயங்கினேன், "கலாஸ்", முடிந்தது, என்று இறக்கிவிட்டார்கள். முன்பென்றால் அறைக்குப் போய்ப் படுத்திருப்பேன். நேற்று நேரே கவுண்டருக்குப் போய் அடுத்த திகதி எடுத்தேன். அங்கிருந்த பெண் "அகெய்னா?" என்றாள். ஓம், அகெய்ன்.

ஊதுபத்தியை உன் காரிலேயே விட்டு வந்தேன். ஆம் என்று விழும்வரை நீ எழும்பவில்லை. நானும் எழும்பப்போவதில்லை.