மூடிய தொட்டியில் தெளிந்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

சாயப் பட்டறையின் கழிவுக் குழாய் வாயிலிருந்து நானே சுரண்டி எடுத்த பூஞ்சை. சாயத்தைத் தின்கிறதா என்று பார்க்க, சாயக் கழிவுநீர் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் விட்டிருக்கிறேன். ஒன்றில் எந்நேரமும் காற்று ஊதுகிறது, இன்னொன்றை மூடிவிட்டேன். மூடியதில் சிவப்பு போயே போய்விட்டது! காற்றுத் தொட்டி இன்னும் டீத்தண்ணி. பூஞ்சைக்குக் காற்று வேண்டுமே, தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்?

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "கரண்ட் செலவும் இல்லம்மா. அடுத்த வியாழக்கிழமை இந்தத் தண்ணிய வாய்க்கால்ல திறந்துடலாம்."

அக்காவிடமும் உளறிவிட்டேன். வாய்க்காலில் சாயம் கலந்ததிலிருந்து அவள் கீரைப் பாத்தி தரிசு. "நெசமாவாடி? அப்ப நான் விதைச்சுடறேன்!"

மார்ச் 6, வியாழன்

அக்காவின் கீரை விதையில் கொஞ்சம் எடுத்து இரண்டு தண்ணீரிலும் போட்டேன். சும்மா, அவளுக்குக் காட்டத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

டீத்தண்ணியில் முளைத்திருக்கிறது. தெளிந்த தண்ணீரில் ஒன்றுகூட இல்லை. கிண்ணம் மாறிவிட்டதா? சோப்பு ஒட்டியிருந்ததா? மறுபடி போட்டேன்.

மார்ச் 12, புதன்

அதே கதை.

பட்டறையில் எல்லாருக்கும் கண்தான் அளவுகோல். நிறம் போனால் நஞ்சும் போச்சு என்று நானும் நம்பித் தொலைத்தேன். மூடிய தொட்டியில் சாயம் உடைந்து, உடைந்ததெல்லாம் நிறமில்லாமல் அங்கேயே கிடக்கிறதோ? காற்று இருந்தால்தான் அதையும் பூஞ்சை தின்னுமோ? தெரியல. நாளைக்குத் திறக்கிறாங்க. என்னன்னு போய்ச் சொல்றது?

மார்ச் 13, வியாழன்

இரண்டு கிண்ணங்களையும் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"பளிங்கு மாதிரி இருக்கறது ஆகாது, கலங்கல் தேவலாம்ங்கறே. உனக்கு என்னம்மா ஆச்சு?"

"எனக்கே குழப்பமாத்தான் இருக்கு சார். ஆனா திறக்காதீங்க."

முளைக்காத விதையை விரலால் நசுக்கிப் பார்த்தார். திறக்க வேண்டாம் என்று ஆளனுப்பினார். மூடிய தொட்டிக்கும் காற்றுக் குழாய் போடச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

தண்ணீர் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ நல்ல தண்ணிய வச்சுக்கிட்டு எனக்கு இல்லேங்கறே. உனக்கு மனசு வரல, அவ்வளவுதான்." கிண்ணத்தைக் காட்டினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

மார்ச் 15, சனி

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

அக்கா மகள் பேசினாள். தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து பாத்திக்கு ஊற்றினார்களாம். கீரை முளைத்துவிட்டதாம்.

"சித்தி, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."