பயத்துக்கும் ஒரு டிக்கெட்

காரமடை
9.2.2025

என் கண்ணு கிருபாவதிக்கு,

கர்த்தர் உன் வீட்டில் தங்குவாராக. இது அண்ணன் தன் கையால் எழுதியது. எழுபது வயதுக்கு மேல் நம் ஆலயத்து எழுத்து வகுப்பில் சேர்ந்தேன், இப்போது யாரிடமும் எழுதித் தரக் கேட்க வேண்டியதில்லை. போனில் சொல்லலாம், நீ குறுக்கே பேசுவாய். கடிதம் முடியும்வரை நீ சும்மா இருந்துதானே ஆக வேண்டும்!

போன வருடம் உன்னைப் பார்க்க வந்தபோது பல்லடத்துக்கு முன்னால் பஸ் பள்ளத்தில் சாய்ந்ததே, அதிலிருந்து பஸ்ஸைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு உன் வீட்டுப் பக்கம் வரவே முடியவில்லை. இப்போது புதன்கிழமைகளில் ஆலயத்துக்கு லோகப்பிரியா என்று ஒரு மனநல ஆலோசகர் வருகிறார். போய் உட்கார்ந்தேன்.

"பயம் வந்தா என்ன பண்ணுவீங்க ஐயா?"

"ஜெபம் பண்ணி வெரட்டுவனுங்க."

"போகுதுங்களா?"

"எங்கீங்க! சோளக்காட்டுல மேஞ்ச ஆடாட்டம், வெரட்ட வெரட்டத் திரும்பி வருதுங்க."

"அப்ப வெரட்டாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். பயமே இல்லீன்னா எங்க போவீங்க?"

"தங்கச்சி ஊட்டுக்குங்க."

"அப்பப் பயத்தோடவே போங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பஸ்ஸில் போய்ப் பழகுகிறேன். வேர்க்கத்தான் செய்கிறது. இறங்கி ஓடாமல் இருக்கிறேன்.

உன் அண்ணன்,
மாசிலாமணி


காங்கேயம்
15.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதேன். படித்து முடித்ததும் கோபம் வந்தது. உங்கள் பயம் போக வேண்டும் என்று நான் வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். நீங்கள் அதை வைத்துக்கொண்டு திரிவதா? வந்த பிசாசுக்கு யாராவது பாய் விரிப்பார்களா?

இன்னொன்று. ஜெபத்தில் கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டும் என்பதால், உங்களுக்கு விடுதலை கிடைத்ததாகப் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டுவிட்டேன். மார்ச் முதல் ஞாயிறு நீங்கள் இங்கே சாட்சி சொல்வீர்கள் என்று ஆயர் அறிவித்தும்விட்டார். என்னைத் தலைகுனிய வைத்துவிடாதீர்கள்.

தங்கை,
கிருபாவதி


காரமடை
20.2.2025

கண்ணு,

நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே நன்றி சொல்ல உன்னால்தான் முடியும்!

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு கெத்சமனே தோட்டத்தில் ஜெபித்ததை நேற்று விரல் வைத்துப் படித்தேன். இத்தனை வருடம் காதால் கேட்டதுதான். கேட்கும்போது ஓடிவிடும், விரல் மெதுவாகத்தான் போகிறது. அவருடைய வேர்வையில் வந்து நின்றுவிட்டது. அவருக்கும் கலக்கம் இருந்திருக்கிறது, அம்மணி. வரப்போகும் பாடு நீங்கட்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. எழுந்து நடந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்வாயா?

லோகப்பிரியா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. "எது முக்கியம்னு நீங்கதான் முடிவு பண்ணோணும்" என்றார்.

"அது என் கையில இல்லீங்க. உறவோட இருன்னு கர்த்தரு எப்பவோ சொல்லிப்போட்டாரு. நான் செரீங்கறதோட செரி" என்றேன்.

"செரீங்கறதும் முடிவுதானுங்க ஐயா" என்று சிரித்தார்.

வருகிறேன். ஆனால் ஆலயத்தில் நின்று பொய் சொல்ல மாட்டேன். அது உனக்குச் சங்கடம் என்றால் என் பெயரை எடுத்துவிடச் சொல். அப்போதும் உன் வீட்டுக்கு வருவேன்.

அண்ணன்


காங்கேயம்
8.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எடுக்கச் சொல்ல, போன சனிக்கிழமை காலையில் ஆயர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். சட்டை வேர்வையில் நனைந்து, முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

மறுநாள், "பயம் போகலீங்க. எம் பக்கத்துலயே எடம் புடிச்சு உக்காந்து வந்துது, அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கோணும். ஆனா கர்த்தரும் கூட வந்தாருங்க" என்று நீங்கள் சொன்னபோது சபையே சிரித்தது. நான் நிமிரவில்லை.

பக்கத்திலிருந்த சுகிர்தம் அக்கா என் கையைப் பிடித்தார். "எனக்கும் நெஞ்சு திக்குதிக்குன்னு இருக்குது கிருபா. உங்கிட்டச் சொன்னா விசுவாசமில்லீம்பியேன்னுதான் சொல்லலை" என்றார். எங்கள் ஐக்கியத் தலைவி அவர். இத்தனை வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

வருகிற புதன்கிழமை அவரைக் காரமடைக்குக் கூட்டி வருகிறேன். சுகிர்தம் அக்காவுக்குத் துணையாக வருவதாக இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஆலோசகர் அம்மணியிடம் எனக்கும் ஒரு நேரம் கேட்டு வையுங்கள், அண்ணா.

உங்கள்
கிருபா